ஒரு கையால் தூக்கிய படகு

படகு ஏற்றிய ட்ரெய்லரின் முன்முனையை ஒரு கையால் தூக்கி, வண்டியின் பின்னாலுள்ள ஹிட்ச் பந்தின் மேல் வைத்து மாட்டுவதில் எனக்குப் பல ஆண்டுகளாக ஒரு பெருமை இருந்தது. படகும் ட்ரெய்லரும் சேர்ந்து 1,500 கிலோ. அவ்வளவு பெரிய பொருள் ஒரு கைக்கு அடங்குகிறது என்றால் அதைச் சரியாகச் சமன் செய்து வைத்திருக்கிறோம் என்றே நம்பியிருந்தேன். இந்த நம்பிக்கையை எனக்குக் கொடுத்தவர் சித்தப்பா. “முன்முனை ஒரு கைக்கு எழுந்து வந்தால் சமநிலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கை வேண்டியிருந்தால் ஏதோ தப்பாக ஏற்றியிருக்கிறாய்” என்பார். அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படகு இழுத்தவர். ஒருமுறைகூட விபத்தில் சிக்காதவர். ஆகவே அந்த விதியைச் சோதித்துப் பார்க்கும் எண்ணமே எனக்கு எழவில்லை.

அன்றைக்கு நீண்ட, மிதமான சரிவொன்றில் இறங்கிக்கொண்டிருந்தோம். வேகம் மணிக்கு 105 கிலோமீட்டர். சித்தப்பா பக்கத்து இருக்கையில் இருந்தார். பெரிய பேருந்து ஒன்று எங்களை முந்திச் சென்றது. அதன் முகப்பு தள்ளிய காற்று படகை ஒருபுறம் அழுத்தியதையும், அது கடந்துபோன மறுகணம் படகு எதிர்ப்புறம் இழுபட்டதையும் ஸ்டீயரிங்கில் உணர்ந்தேன். அதுவரை அது பழக்கமான உணர்வுதான். அதற்குப் பிறகு நடந்தது பழக்கமில்லாதது. வலக் கண்ணாடியில் படகின் பக்கவாட்டு முழுவதும் தெரிந்தது. அது மறைந்து இடக் கண்ணாடியில் தெரிந்தது. மீண்டும் வலக் கண்ணாடிக்கு வந்தபோது முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது. வண்டியின் பின்பகுதியை யாரோ இரு கைகளால் பற்றி உலுக்குவதைப் போலிருந்தது. நான் படகு சாய்ந்த திசைக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், ஆட்டம் கூடியது. என் கால் பிரேக்கை நோக்கி நகர்ந்ததைச் சித்தப்பா பார்த்திருக்க வேண்டும்.

“பிரேக்கைத் தொடாதே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இரு.”

சும்மா இருப்பது அந்த நேரத்தில் எவ்வளவு கடினம் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள். வேகம் 90-க்கு இறங்கியபோது ஆட்டம் வளர்வது நின்றது. 80-க்குக் கீழே ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடச் சிறிதானது. 70-ஐத் தொட்டபோது எதுவுமே நடக்காததுபோலப் படகு எங்கள் பின்னால் நேராக வந்துகொண்டிருந்தது. ஓரம் கட்டி நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஹிட்ச் பந்தைக் கவ்வும் கப்ளர் இறுக்கமாக இருந்தது, சங்கிலிகள் சரியாக இருந்தன, சக்கர நட்டுகள் தளரவில்லை, டயர்கள் நன்றாக இருந்தன, படகைக் கட்டிய பட்டைகளில் ஒன்றுகூட நழுவவில்லை. “காற்று தள்ளிவிட்டது, அவ்வளவுதான். மெதுவாகப் போ” என்று சித்தப்பா முடித்துவிட்டார். ஏதாவது ஒன்று உடைந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் இப்படி நடந்தது என்பதுதான் வாரக்கணக்கில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

வேகம் என்ன செய்கிறது

ட்ரெய்லர் அலைவதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் காற்றையும் சாலையையும் ஓட்டுநரையும் குறைசொல்வார்கள். அவை ஆட்டத்தைத் தொடங்கி வைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் தொடங்கிய ஆட்டம் தானாக அடங்குமா, வளருமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. ட்ரெய்லர் ஒருபுறம் ஒதுங்கியதும் அதன் டயர்கள் பயணத் திசைக்குச் சற்றே கோணலாக உருளுகின்றன. அந்தக் கோணத்தால் ரப்பர் பக்கவாட்டில் எழுப்பும் விசை ட்ரெய்லரை மீண்டும் நேராக்கப் பார்க்கிறது. இது சுருள்வில்லின் வேலை. சுருள்வில் மட்டும் இருந்தால் எதுவும் ஓயாமல் ஆடிக்கொண்டேதான் இருக்கும். கதவை மெல்ல மூடவைக்கும் தணிப்பானைப் போன்ற ஒன்றும் தேவை. அந்த வேலையையும் அதே டயர்கள்தான் செய்கின்றன. ட்ரெய்லரின் பின்பகுதி பக்கவாட்டில் வீசிச் செல்லும்போது, அந்த வீச்சின் வேகத்தால் டயர்களில் கூடுதலாக ஒரு கோணம் உண்டாகி வீச்சை எதிர்க்கிறது.

எனக்குப் பிடிபட வெகுநாளானது இதற்கு அடுத்த படி. அந்தக் கூடுதல் கோணம், பக்கவாட்டு வேகத்தை முன்னோக்கிய வேகத்தால் வகுத்தால் வருவது. மணிக்கு 50 கிலோமீட்டரில் கிடைக்கும் தணிப்பு 100-இல் பாதியாகிவிடுகிறது. சுருள்வில்லோ அப்படியே இருக்கிறது. ஆக, வேகம் கூடக் கூட ஆடவைக்கும் விசை குறைவதில்லை, அடக்கும் விசை மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. இதோடு, ட்ரெய்லர் தன் முன்முனையால் வண்டியின் பின்புறத்தை இடமும் வலமும் தள்ளுகிறது. பின்னச்சிலிருந்து ஹிட்ச் பந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் தள்ளல் நெம்புகோல்போல் வண்டியையே திருப்புகிறது. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த ஒவ்வொரு இணைக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதைத் தாண்டினால் தணிப்பு சுழியத்துக்கும் கீழே போய், ஒவ்வொரு வீச்சும் வண்டியின் ஓட்டத்திலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு அடுத்ததைப் பெரிதாக்குகிறது. சரிவில் 105-இல் நான் அந்த எல்லைக்கு மேலே இருந்தேன். 90-ஐ ஒட்டி எல்லையில் இருந்தேன். 80-இல் கீழே வந்துவிட்டேன். பேருந்து வெறும் சாக்கு.

சித்தப்பா சொன்ன மூன்றும் ஏன் சரி என்பதும் இதிலிருந்தே விளங்கியது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு வினாடிகள் ஆகின்றன. கண்டு, புரிந்து, கை திருப்புவதற்கு மனிதனுக்கு அரை வினாடியாவது பிடிக்கிறது. நாம் இடப்பக்கத்துக்காகத் திருப்பி முடிக்கும்போது படகு ஏற்கெனவே வலப்பக்கம் கிளம்பியிருக்கும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளும் குழந்தையின் வேலையைத்தான் ஓட்டுநர் அறியாமல் செய்கிறார். பிரேக்கை அழுத்தினால் இன்னும் மோசம்: வண்டி வேகம் குறைகிறது, பின்னால் கோணலாக நிற்கும் 1,500 கிலோ பந்தைக் குறுக்கே தள்ளுகிறது, அதே வேளையில் எடை முன்னச்சுக்குப் போய்ப் பின்சக்கரங்களின் பிடி குறைகிறது. வண்டியும் ட்ரெய்லரும் கத்தரிபோல் மடங்கிப்போவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க முடிந்தால் அது பின்னாலிருந்து இழுத்து இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவரும். மின்பிரேக் உள்ள ட்ரெய்லர்களுக்கு அந்த வசதி உண்டு. படகு ட்ரெய்லர்கள் தண்ணீரில் இறங்கி ஏறுபவை என்பதால் அவற்றில் பெரும்பாலும் சர்ஜ் பிரேக்தான் இருக்கும். ட்ரெய்லர் வண்டியை முட்டித் தள்ளும்போது மட்டுமே அது வேலை செய்யும், அதற்குக் கைப்பிடி கிடையாது. மற்றவர்களிடம் இருக்கும் மிகச் சிறந்த ஆயுதம் படகு இழுப்பவர் கையில் இல்லை. அதனால் ஆட்டம் வந்த பிறகு அடக்குவதைவிட, வராமல் செய்வதே அவருக்குப் பெரும்பாலும் மிச்சமிருக்கும் வழி.

தராசின் மேல் ஒரு கட்டை

முன்முனை பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையை இழுவைக்காரர்கள் டங் வெயிட் என்பார்கள். நான் முன்முனை எடை என்றே குறிப்பிடுகிறேன். வட அமெரிக்காவில் பொதுவான ட்ரெய்லர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை அது இருக்க வேண்டும் என்பார்கள். படகு ட்ரெய்லர்களுக்கு 5 முதல் 10 வரை போதும் என்பதும் அங்கே பரவலான வழக்கம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள், ஆனால் அங்கே இழுக்கும் வேகத்துக்கும் கடிவாளம் உண்டு. ஜெர்மனியில் ட்ரெய்லர் இழுக்கும் காருக்குப் பொது எல்லை 80 கிலோமீட்டர்தான், சிறப்பு அனுமதி பெற்ற இணைகளுக்கே 100. எண்ணை மட்டும் ஓரிடத்திலிருந்து எடுத்துக்கொண்டு வேகத்தை இன்னோரிடத்திலிருந்து எடுத்துக்கொள்வது நம்மில் பலர் செய்யும் தவறு.

இந்த எண்கள் எல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்தும் ஒருமுறைகூட அளந்ததில்லை; ஒரு கை சொன்ன சாட்சியே போதுமென்று இருந்துவிட்டேன். ஒரு ஞாயிறன்று குளியலறைத் தராசை எடுத்துவந்தேன். அது நேரடியாகத் தாங்காது என்றால் நெம்புகோல் முறை ஒன்று இருக்கிறது: உறுதியான கட்டை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறுமுனையைத் தராசின் மேலும் வைத்து, இரண்டுக்கும் இடைத்தூரத்தை மூன்றாகப் பிரித்து, செங்கல்லிலிருந்து முதல் பங்கில் முன்முனையை இறக்கினால், தராசு மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். கட்டையின் எடையை முதலிலேயே கழித்துவிட வேண்டும். ட்ரெய்லர் சமதளத்தில், இழுக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். என் தராசின் முள் 10-இல் நின்றது. கட்டையை நகர்த்தி மீண்டும் வைத்தேன், மீண்டும் 10. ஆக, 30 கிலோ. 1,500-இல் 2 விழுக்காடு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அது பெட்ரோல் தொட்டி பாதி இருந்தபோது எடுத்த அளவு. சரிவில் இறங்கிய நாளில் தொட்டி நிறைந்திருந்தது. கூடுதலாக இருந்த 60 லிட்டர் ஏறக்குறைய 44 கிலோ, அது அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது. கரையேற்றும்போது, தேங்கிய தண்ணீரை வடியவிடும் அடித்தட்டு அடைப்பானைக் கழற்ற மறந்திருந்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. வீட்டில் கழற்றியபோது இரண்டு வாளிக்கு மேல் தண்ணீர் வந்தது. 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 40 கிலோ. கப்ளரிலிருந்து அச்சு ஐந்து மீட்டர். பெட்ரோல் 9 கிலோவையும் தண்ணீர் 12 கிலோவையும் முன்முனையிலிருந்து தூக்கியிருக்கின்றன. மிச்சம் 9 கிலோ. அன்று ஒரு கைகூடத் தேவைப்பட்டிருக்காது, இரண்டு விரல் போதும். எனக்கு அது லகுவாக எழுந்தது நினைவிருக்கிறது. அப்போது நான் மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

படகுக்கு இந்த நோய் இயல்பிலேயே உண்டு. மற்ற ட்ரெய்லர்களில் சுமையை விருப்பப்படி முன்னே பின்னே வைக்கலாம். படகின் முன்பகுதியான அணியம் கூர்ந்து ஒடுங்கி வெறுமையாக இருக்கும். இயந்திரம், பாட்டரி, பெட்ரோல், தேங்கும் தண்ணீர் எல்லாம் பின்பகுதியில்தான். 150 குதிரைத்திறனுள்ள நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் இயந்திரம், அதாவது படகின் பின்சுவருக்கு வெளியே மாட்டுவது, மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். சித்தப்பாவின் காலத்துப் படகில் அதைவிட எவ்வளவோ எடை குறைந்த இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம் இருந்தது. அவர் 60-ஐத் தாண்டி இழுத்ததும் இல்லை, தாண்ட அந்த வண்டிக்கு முடிந்ததும் இல்லை. 60-இல் டயர்களின் தணிப்பு தாராளமாக இருக்கும். சமநிலைத் தவறுகளை எல்லாம் அது மன்னித்துவிடும். அவருடைய விதி அந்த வேகத்தில் பிழைத்திருந்தது. நான் அந்த விதியை எடுத்துக்கொண்டு, அவர் ஒருபோதும் போகாத வேகத்துக்கு அதைக் கூட்டிச் சென்றேன்.

நங்கூரத்தை முன்னால் வைத்தபோது

முதலில் செய்தது முட்டாள்தனம். முன்முனை எடைதானே குறைகிறது என்று நங்கூரம், சங்கிலி, கருவிப்பெட்டி ஆகியவற்றை அணியத்தில் அடைத்தேன். சுமார் 40 கிலோ, அச்சிலிருந்து நான்கு மீட்டர் முன்னால். தராசு 30 கிலோவுக்கும் மேல் கூடுதலாகக் காட்டியது. ஏறக்குறைய திருப்தியடைந்துவிட்டேன். ஆனால் ஒரு பொருள் சுழற்சியை எதிர்ப்பதும், சுழலத் தொடங்கியபின் நிற்க மறுப்பதும் அதன் எடையைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் அமைகிறது. அச்சிலிருந்து ஒரு மீட்டரில் வைத்த 40 கிலோவைவிட நான்கு மீட்டரில் வைத்த அதே 40 கிலோ பதினாறு மடங்கு சுழல்நிலைமத்தைச் சேர்க்கிறது. பின்னால் இயந்திரம், முன்னால் நங்கூரம் என்று இரு முனையிலும் எடை தொங்கும் டம்பெல்லை நான் உருவாக்கியிருந்தேன். அது மெதுவாக ஆடத் தொடங்கும். தொடங்கினால் டயர்களால் எளிதில் பிடித்து நிறுத்த முடியாது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடைகளை இடம் மாற்றக்கூடிய ட்ரெய்லரைச் சாலையில் இழுத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்ட முடிவும் இதைத்தான் சொல்கிறது: அதிவேகத்தில் நிலைத்தன்மையைப் பெரிதும் மாற்றுபவை சுழல்நிலைமம், முன்முனை எடை, அச்சு இருக்கும் இடம் ஆகியவை, மொத்த எடை தனியாக அவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்வதில்லை. “எடை அதிகமானால் ஆடும்” என்று எத்தனை பேர் எனக்குச் சொல்லியிருப்பார்கள்!

எடையை முன்னால் சேர்க்காமல், இருக்கும் எடையின் மையத்தையும் அச்சையும் விலக்குவதுதான் வழி. அம்பின் இறகுகள் பின்னால் இருப்பதால் அது நேராகப் பறக்கிறது. ட்ரெய்லருக்கு இறகுகள் அதன் சக்கரங்கள். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. படகின் மூக்கை இழுத்துப் பிடிக்கும் வின்ச் கம்பத்தை முன்னால் நகர்த்திப் படகை முன்னே இழுத்துக்கொள்ளலாம்; ஆனால் படகின் பின்சுவர், அது அமரும் நீளக் கட்டைகளின் முனையோடு ஒத்து நிற்க வேண்டும். 20 சென்டிமீட்டர் முன்னே போனாலும் கட்டைகள் பொருந்தும் இடம் மாறுகிறது. எதிர்த்திசையில் போனால் இயந்திரத்தின் எடை தாங்கலின்றித் தொங்கி அடிப்பகுதியையே வளைத்துவிடும். என் படகு ஏற்கெனவே கட்டைகளின் மேல் கச்சிதமாக அமர்ந்திருந்ததால் அதைத் தொடவில்லை. பல படகு ட்ரெய்லர்களில் அச்சு, சட்டத்தோடு யூ-போல்ட்டுகளால்தான் பிணைக்கப்பட்டிருக்கும். அதைத் தளர்த்தி அச்சையே 30 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன்.

சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. மட்கார்டுகளும் பிரேக் குழாயும் கூடவே நகர வேண்டும். கப்ளரின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரம் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ரெய்லர் நண்டுபோல் ஒருச்சாய்ந்து ஓடி டயரைத் தின்னும். யூ-போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த முறுக்கத்துக்கு இறுக்கி, கொஞ்சத் தூரம் ஓட்டியபின் மறுபடியும் இறுக்கினேன். நங்கூரம் அச்சுக்கு மேலே, படகின் நடுத்தளத்துக்கு வந்தது. பாதித் தொட்டியோடு கணக்கு 113 கிலோ என்றது. தராசின் முள் 36-இல் நின்று 108 என்றது. சில கிலோ எங்கே போயிற்று என்று மண்டையைக் குடைந்தேன். நகர்த்திய அச்சும் சக்கரங்களும் தங்கள் எடையையும் பின்னால் கொண்டுபோயிருக்கின்றன, அதைக் கணக்கில் விட்டிருந்தேன். 108 என்பது 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நிறைந்த தொட்டியும் மறந்துபோன தண்ணீரும் சேர்ந்தாலும் இனி அது 93-ஐ ஒட்டியே இறங்கும். ஹிட்ச் தாங்கும் உச்ச எடைக்கும், வண்டியின் பின்னச்சு தாங்கும் எடைக்கும் இது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அளவுக்கு மீறி முன்முனையில் ஏற்றினால் வண்டியின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்களின் பிடி தளரும். அது வேறொரு தொல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லர் டயர்களுக்குக் குறிக்கப்பட்ட முழு அழுத்தம் இருக்க வேண்டும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் நெளியும்போது சுருள்வில்லும் தணிப்பானும் ஒருசேரத் தளருகின்றன. இழுக்கும் வண்டியின் பின்டயர்களுக்கும் இதே கதைதான், அவற்றை யாரும் நினைப்பதே இல்லை. ட்ரெய்லருக்கென்று செய்யப்படும் டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு 105 கிலோமீட்டரை ஒட்டிய வேக எல்லை உண்டு என்பதை நான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் படித்தேன். உராய்வால் ஆட்டத்தைத் தடுக்கும் கம்பிகளைப் பலர் பரிந்துரைத்தார்கள். அவை சிறிய ஆட்டங்களை அமுக்குகின்றன. சமநிலைப் பிழையைத் திருத்துவதில்லை. தவிர, சர்ஜ் பிரேக்கின் கப்ளர் முன்னும் பின்னும் நழுவினால்தான் பிரேக்கே பிடிக்கும் என்பதால் எல்லாக் கம்பிகளும் அதற்கு ஒத்துவராது. புதிய வண்டிகளில் ஆட்டத்தின் தாளத்தை உணர்ந்து சக்கரங்களைத் தனித்தனியே பிடித்து, இயந்திர விசையையும் குறைக்கும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. நல்ல பொருள்தான். என் வண்டியில் அது இல்லை. இருந்திருந்தால் 2 விழுக்காட்டோடே நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பேனோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

அதே சரிவில் மறுபடியும் இறங்கினோம், இந்த முறை 90-இல். அதற்கு மேல் போய்ப் பார்க்க எனக்கு ஆசை எழவில்லை. ஒரு லாரி கடந்தது. படகு ஒருமுறை அசைந்தது, எதிர்ப்புறம் அதில் பாதி அசைந்தது, நின்றுவிட்டது. சித்தப்பா கண்ணாடியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அச்சை நகர்த்தியதை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. முப்பதாண்டு அனுபவத்தின் முன் ஒரு குளியலறைத் தராசைக் கொண்டுபோய் நிறுத்தத் தயக்கமாக இருந்தது.

மாலையில் படகை மீண்டும் வண்டியோடு இணைக்க நேர்ந்தபோது, நான் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருக்க, அவர் வழக்கம்போல் குனிந்து ஒரு கையால் முன்முனையைப் பிடித்தார். அது எழவில்லை. நிமிர்ந்து சக்கரங்களைப் பார்த்தார். சட்டத்தில் அச்சு முன்பிருந்த இடத்தில் பெயின்ட் உரியாமல் பளிச்சென்று தெரிந்த பட்டையை விரலால் தடவினார். பிறகு இரண்டு கையாலும் முயன்று, கொஞ்சம் தூக்கி, கீழே வைத்தார்.

“இதைக் கையால் தூக்கி மாட்ட முடியாது. ஜாக்கைச் சுற்று” என்றார்.